பழம் தின்றது நான், திட்டு வாங்கியது அவள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் பக்கம் அல்வாலில் ஒரு நிச்சயதார்த்த விருந்து. என் அக்காவின் மகனுக்குத்தான். சாமியார் வந்து ஜெபம் சொல்லி, மோதிரம் மாற்றி, பிரியாணியும் சாப்பிட்டு முடித்து எல்லோரும் நாற்காலியில் சாய்ந்திருந்த நேரம்.

கிண்ணத்தில் டபுள் கா மீட்டா வந்தது. நெய்யில் பொரித்த ரொட்டி, சர்க்கரைப் பாகு, மேலே முந்திரி. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

“அரே, ஒரு வாய் போட்டுக்கடா. நல்ல நாள். ஒரு நாள்ல என்ன ஆயிடும்?” என்றாள் அக்கா.

எனக்குச் சர்க்கரை வியாதி என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறாள். பாசம்! நான் சிரித்து மழுப்பிவிட்டு, பழக்கூடையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்தேன்.

இரண்டு சுளை உள்ளே போயிருக்கும். அவ்வளவுதான். அதே அக்காவின் குரல், பந்தலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி –

“ஏ ஸ்டெல்லா! கைக்கு குடுத்தே அவனுக்குப் பழம்? சுகர் இருக்குன்னு தெரியும்ல? நக்கோன்னு சொல்ல உனக்கு வாய் வராதா?”

(இந்த ஊர் உருதுவில் ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.) கவனித்தீர்களா? பழத்தை எடுத்தது நான். உரித்தது நான். தின்றதும் நான். திட்டு யாருக்கு? பந்தலின் மறு மூலையில் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவிக்கு!

அவள் என்ன செய்தாள் என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. ஜக்கைக் கீழே வைக்காமல் ஒரு பார்வை பார்த்தாள். அக்காவை அல்ல, என்னை. அந்தப் பார்வைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்கு இந்த வாரம் வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

ஒரு ஆணுக்குச் சர்க்கரை வியாதி வந்தால் ஊர் ஏன் அவன் மனைவியைப் பிடித்துக்கொள்கிறது? அவனுக்கு வாய் இல்லையா? கை இல்லையா? தெருமுனை மிட்டாய்க் கடைக்கு அவனைச் சங்கிலி போட்டு அவளா இழுத்துப் போகிறாள்?

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் கிரேன் ஓட்டுகிறவன் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: உப்பல் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஃபாக்டரி. அதில் பெரிய ஷெட். ஷெட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற ஓவர்ஹெட் கிரேன். அதன் கேபினில் நான்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் கூச்ச சுபாவம். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேபினிலோ யாரோடும் பேச வேண்டியதில்லை. கீழே நிற்கிறவர் கையைத் தூக்கினால் தூக்கு, விரலை மடக்கினால் நிறுத்து. முழு ஷிப்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிவிட்டு இறங்கலாம். கடவுள் எனக்கென்றே செய்துவைத்த வேலை.

நாலைந்து வருடத்துக்கு முன் இந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது.

எங்கள் கேன்டீனில் மதியச் சாப்பாட்டோடு தினமும் ஏதாவது ஒரு இனிப்பு உண்டு. கேசரி, சேமியா, டபுள் கா மீட்டா… யூனியன் போராடி வாங்கியது. அப்போது சர்க்கரை வியாதிக்காரர்கள் சிலர் எழுந்தார்கள். “எங்க பங்கு எங்கே?” என்று கேட்டார்கள். நியாயம்தானே? பேசிப் பேசி முடிவானது – டிஸ்பென்சரி டாக்டரின் சீட்டு காட்டினால் பச்சை டோக்கன். பச்சை டோக்கனுக்கு இனிப்புக்குப் பதில் ஒரு மொசாம்பி. நம் ஊர்ச் சாத்துக்குடிதான், இங்கே மொசாம்பி.

நல்ல ஏற்பாடு. எனக்கு முதன்முதலில் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்த செகந்திராபாத் டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்லியிருந்தார். “புளிப்புப் பழம் எல்லாம் விஷம்னு பயப்படாதீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு, சுளையா, சக்கையோட மென்னு தின்னுங்க. கூடையைக் காலி பண்ணாதீங்க, அவ்வளவுதான்.”

ஆனால் எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? மொசாம்பியைத் தின்னவில்லை. டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை குட்டிக்காரர்கள்… தனியாக உட்கார்ந்து பழம் தின்ன மனசு வருமா? சாயங்காலம் கேட்டில் சோதனை போடுகிற செக்யூரிட்டிக்காரர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். திறந்த டப்பாவில் எல்லாம் மொசாம்பி!

“கேன்டீன் சாமான் பாஹர் நக்கோ!”

விஷயம் மேலே போயிற்று. ஆடிட் வரை போயிற்று. சலுகை விலையில் ஊழியருக்குக் கொடுக்கும் பொருள் ஃபாக்டரிக்குள்ளேயே உண்ணப்பட வேண்டும். வெளியே போகக் கூடாது. கேன்டீன் கமிட்டி கூடியது. பெரிய மூளைகள் எல்லாம் சேர்ந்து யோசித்து ஒரு வழி கண்டன.

பழமாகக் கொடுத்தால்தானே பாக்கெட்டில் போடுவான்? பிழிந்து கொடு. ஜூஸை எவனும் பாக்கெட்டில் போட முடியாது!

அன்று முதல் பச்சை டோக்கனுக்கு ஒரு கிளாஸ் மொசாம்பி ஜூஸ். மேலே உப்பும் மிளகுத் தூளும் தூவி, சில்லென்று இருக்கும். எனக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. பழம்தானே… பிழிந்தால் என்ன, பிழியாவிட்டால் என்ன? வீட்டில்கூட இதை ஒரு செய்தியாகச் சொல்லவில்லை. ஸ்டெல்லாவைப் பொறுத்தவரை எனக்கு ஃபாக்டரியில் தினமும் ஒரு பழம் கிடைத்துக்கொண்டிருந்தது.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு மாதாமாதம் சோதனை உண்டு. எங்கள் டிஸ்பென்சரியில் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வரிசையில் நிற்க வேண்டும். சிறுநீரை ஒரு நீலத் தண்ணீரில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று போனால் அதிகம். செங்கல் நிறம் வந்தால் போச்சு.

பழம் ஜூஸான பிறகு வந்த முதல் சோதனையில் எனக்கு ஆரஞ்சு. அடுத்த மாதம் செங்கல்.

“வீட்ல என்னய்யா சாப்பிடறே?” என்றார் டாக்டர்.

“ராகிக் களி, அரை வயித்துக்குச் சோறு, பாவக்காய்… அவ வேற ஒண்ணும் தர்றதில்ல சார்.”

“எல்லாரும் இதே பாட்டைத்தான் பாடறீங்க. அடுத்த வாரம் உன் ஒய்ஃபைக் கூட்டிட்டு வா.”

கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள் ஸ்டெல்லா. டாக்டர் ஏதோ பத்தியச் சாப்பாடு சொல்லித்தரப் போகிறார், கேட்டு மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெஞ்சு நிறைய ஆட்கள். என் ஷெட் ஆட்களே பாதிப் பேர். டாக்டர் அன்றைக்குக் காய்ச்சிய டியூபை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது என்ன கலரும்மா?”

“செங்கக் கலருங்க.”

“நல்லாப் பாத்துக்கோங்க. இந்தச் செங்கலை வச்சு உங்க வீட்டுக்காரருக்கு வீடு கட்ட முடியாது. கல்லறைதான் கட்டலாம்.”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

“நான் அரை டம்ளர் அரிசிதான் வடிக்கேன் டாக்டர். இனிப்பே வீட்டுல…”

“அப்புறம் இது எங்கிருந்து வருது? வானத்துலேர்ந்து குதிச்சுதா? கை தாராளமா இருந்தா இப்படித்தான். இன்னும் ஒரு மாசம் பாப்பேன். அடுத்த டெஸ்ட்லயும் இதே கலர் வந்தா கிரேனுக்கு அன்ஃபிட்னு எழுதிடுவேன். மேல மயக்கம் போட்டு விழுந்தா கீழ நிக்கிறவன் கதி என்ன?”

டாக்டர் சொன்னதில் அந்தக் கடைசி வரியை நான் குறை சொல்ல மாட்டேன். டன் கணக்கில் இரும்பு தொங்கும்போது கேபினில் இருப்பவன் கண் இருட்டக் கூடாது. சரிதான். ஆனால் முந்தைய வரிகள்? அவள் கை தாராளம் என்று அவருக்கு யார் சொன்னது? எங்கள் வீட்டு அடுப்படியில் என்றைக்காவது வந்து நின்றாரா? ஒரு கேள்வி – “ஃபாக்டரியில் என்ன குடிக்கிறாய்?” என்று ஒரே ஒரு கேள்வி என்னிடம் கேட்டாரா?

கேட்கவில்லை. பச்சை டோக்கனுக்குச் சீட்டு எழுதித் தருகிறவரே அவர்தான்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் நுழைந்ததும்தான் பேசினாள்.

“நான் உங்களுக்குத் தெரியாம எதும் போட்டுட்டேனா? குழம்புல கிழம்புல… வெல்லம் கிள்ளிப் போட்டேனா? நீங்களே சொல்லுங்க.”

பாளையங்கோட்டைக்காரி. சாம்பாரில் ஒரு துண்டு வெல்லம் போடுவது அவள் அம்மா வீட்டு வழக்கம். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு, எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தத் துண்டையும் விட்டவள். அவளுக்கே அவள் கையின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் கெடுபிடி. அரை டம்ளர் கால் டம்ளர் ஆனது. தன் காப்பியிலும் சர்க்கரையை நிறுத்திக்கொண்டாள். பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டை அடுத்த வீட்டில் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசல் வண்டியில் ஆரஞ்சு வாங்குவோம். அதுவும் நின்றது.

“பழமும் வேண்டாம். புளிச்சாலும் இனிச்சாலும் பழம் பழந்தான். ஒங்க அக்கா சொன்னது சரிதான் போல.”

அக்காவும் அதற்குள் வந்து போயிருந்தாள். வராமல் இருப்பாளா? “பழம் கிழம் எதுவும் கண்ணுல காட்டாதே, என் தம்பி பொழப்பைக் கெடுத்துடாதம்மா” என்று ஒரு அர்ச்சனை.

விளைவு என்ன தெரியுமா? வீட்டில் அரைப் பட்டினி. பசி. மதியம் கேன்டீனுக்குப் போனதும் அந்த ஜூஸ் அமிர்தமாக இறங்கும். யாராவது பச்சை டோக்கன்காரர் லீவு போட்டால் அவர் கிளாஸையும் “குடிச்சிடு பாய்” என்று என் பக்கம் தள்ளுவார்கள். தள்ளிய கிளாஸை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவள் இங்கே சோற்றைக் குறைக்கக் குறைக்க, நான் அங்கே ஜூஸை ஏற்ற ஏற்ற… செங்கல் எங்கே போகும்?

ஒரு நாள் கேன்டீன் நெரிசலில் யாரோ இடித்து, கிளாஸ் முழுவதும் என் சட்டையில் கொட்டிவிட்டது. துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலை எங்கள் பெண் கத்தினாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேசுவதெல்லாம் பள்ளிக்கூடத்துத் தெலுங்கு.

“மம்மி! டாடி ஷர்ட் நிண்டா சீமலு!”

சட்டை முழுவதும் எறும்பு. சாரி சாரியாக, ஆணியிலிருந்து கைவரைக்கும்.

ஸ்டெல்லா சட்டையை எடுத்து உதறினாள். கொட்டிய இடம் கஞ்சி போட்ட மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மடக்கினால் மொடமொடவென்று சத்தம்.

“என்னத்தக் கொட்டுனிய?”

“மொசாம்பி ஜூஸ்.”

“ஏது?”

“கேன்டீன்ல. எங்களுக்குன்னு தர்றதுதான்.”

“பழம்லா தருவாகன்னு சொன்னிய?”

“பழம்தான். இப்பப் பிழிஞ்சு தர்றாங்க.”

அவள் விரல் நுனியால் அந்த இடத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சட்டையைப் பார்த்தாள்.

“பழத்துத் தண்ணி காஞ்சா இப்படியா வெறைக்கும்? இது சீனி. பாகு மாதிரி சீனி. ஒரு நாளைக்கு எத்தனை கிளாசு குடிக்கிய?”

தினமும் குடிக்கிறவன், எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். உப்பும் மிளகும் புளிப்பும் முன்னால் வந்து நின்றால் இனிப்பு பின்னால் ஒளிந்துகொள்ளும். போதாததற்கு ‘சர்க்கரை வியாதிக்காரர்களுக்காக’ என்று போர்டு வைத்துத் தருகிற ஜூஸில் சர்க்கரை இருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்?

அன்றைக்கு மதியம் கேன்டீனில் காஜா பாயிடம் போனேன். சமையல் அவர்தான். அலுமினிய டிரம்மில் ஜூஸைக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் திறந்த சர்க்கரை மூட்டை.

“காஜா பாய்… இதுல ஷக்கர்…”

“ஹவ். டால்தே. நை டாலே தோ கோன் பீதே?”

போடாவிட்டால் யார் குடிப்பார்களாம்!

“சுகர் பேஷண்ட் ஜூஸ் பாய் இது!”

“மேரே கு மாலூம் ஹை பாய். ஊபர் சே ஆர்டர்.” அவருக்கும் தெரியுமாம், ஆனால் மேலிடத்து உத்தரவாம். கரண்டியாலேயே ஆபீஸ் பக்கம் காட்டினார். முதல் வாரம் சர்க்கரை போடாமல்தான் கொடுத்தாராம். புளிக்கிறது, குடிக்க முடியவில்லை என்று புகார் வந்ததாம். வெல்ஃபேர் ஆபீசரே ஆள் அனுப்பிச் சர்க்கரை போடச் சொன்னாராம். “கைக்கு டாலே, ஏன் போட்டேன்னு என்னை எதுக்குக் கேக்கறே? அவரைப் போய்க் கேளு.”

கேட்பதா? நானா?

கேபினில் இருந்தபடி கீழே நிற்கிறவன் விரலைப் பார்த்து முழு மோட்டாரையும் மயிரிழையில் இறக்கிவைப்பேன். ஆபீசர் அறைக் கதவைத் தட்ட எனக்குக் கை வராது. இரண்டு முறை வராந்தா வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை போனதற்குக் காரணம் தைரியம் இல்லை. அந்த பெஞ்சில் சிரித்தானே ஒருவன்… அவன் எதிரே வந்தான். என்னைப் பார்த்து, “என்ன ஜோசப், வீட்ல இன்னைக்குப் பாயசமா?” என்றான்.

நேரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெல்ஃபேர் ஆபீசர் ராமநாதன் கும்பகோணத்துக்காரர். நல்ல மனுஷர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார்.

“வாய்யா ஜோசப், உக்காரு. லீவா?”

“இல்ல சார். ஜூஸ்.”

“ஏன், ஜூஸ் வரலையா?”

“வருது சார். அதுல சர்க்கரையும் வருது.”

“ஓ, அதுவா? கொஞ்சமாத்தானேய்யா போடச் சொன்னேன்? வாயில வைக்க முடியல. அப்படி ஒரு புளிப்பு. நானே ரெண்டு நாள் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஏன் எங்கள் ஜூஸைக் குடிக்க வேண்டும்? அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கிளாஸ். பாதி குடித்தது. மேலே தட்டு போட்டு மூடியிருந்தது.

“சார்… நீங்களும் பச்சை டோக்கனா?”

“பின்னே? சுகர் வந்து மூணு வருஷமாச்சு.”

“சுகர் எப்படி இருக்கு சார்?”

“அதை ஏன் கேக்கறே! டியூபுல தினுசு தினுசா கலர் வருது. ஆத்துல சண்டை போட்டுப் போட்டு ஓஞ்சு போயிட்டேன். என்ன சமைக்கறாளோ, எதுல எதைக் கலக்கறாளோ… போன வாரம் அவ கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல சமையலறை டப்பா ஒண்ணு விடாம திறந்து பாத்துட்டேன். ஒண்ணும் அகப்படல.”

“டப்பா கேன்டீன்ல இருக்கு சார்” என்றேன்.

இந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கிளாஸைப் பார்த்தார். தட்டை எடுத்தார், திரும்ப மூடினார்.

“அடப் பாவி” என்றார் கடைசியில். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பாருங்கள் இந்தக் கூத்தை! வியாதிக்காரர்களே கமிட்டியில் இருந்துகொண்டு, வியாதிக்காரர்களுக்காக, வியாதிக்காரர்களே புகார் செய்து, சர்க்கரை போடச் சொல்லி, வரிசையில் நின்று வாங்கிக் குடித்துவிட்டு – வீட்டுக்குப் போய் மனைவியின் டப்பாவைத் திறந்து பார்க்கிறார்கள்!

எங்கள் ஃபாக்டரியில் எத்தனை பச்சை டோக்கன் இருந்ததோ, அத்தனை வீட்டிலும் அந்த மாதங்களில் ஒரு பெண் திட்டு வாங்கியிருக்கிறாள். ஒருத்தி அரிசியைக் குறைத்திருப்பாள். ஒருத்தி அழுதிருப்பாள். ஒருத்தி மாமியார் முன்னால் சத்தியம் செய்திருப்பாள். அத்தனை பேரும் செய்யாத தப்புக்கு.

“பழமாக் குடுத்தா ஆடிட்காரன் விட மாட்டானேய்யா” என்றார் ராமநாதன்.

“உரிச்சுச் சுளையாக் குடுங்க சார். உரிச்ச பழத்தை எவனும் பாக்கெட்டுல போட மாட்டான்.”

அதுதான் நடந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மொசாம்பி சுளையாகத் தட்டில் வந்தது. காஜா பாய்க்குத்தான் கோபம். “இதுக்குமேல நானே வாயில வேற ஊட்டணுமா?” என்று தெலுங்கிலும் உருதுவிலும் கலந்து திட்டிக்கொண்டே உரித்தார்.

அன்றைக்கு அறையிலிருந்து கிளம்பும்போது ராமநாதனிடம் ஒன்று கேட்டேன்.

“ஆத்துல சொல்லிடுவீங்களா சார்?”

“எதை?”

“டப்பா விஷயம். அவங்க மேல தப்பில்லன்னு.”

சிரித்தார். “அதெல்லாம் எதுக்குய்யா? இனிமே சண்டை போடலேன்னா சரியாப் போச்சு.”

நல்ல மனுஷர் என்று சொன்னேனே… நல்ல மனுஷர்தான். ஆனாலும் இந்த ஒரு வரி அவருக்கு வாயில் வரவில்லை. திட்டும்போது நமக்கு எவ்வளவு வார்த்தை வருகிறது! திருப்பி எடுக்கும்போது ஏன் சிரிப்பு மட்டும் வருகிறது?

அந்த மாதச் சோதனை நாள் வந்தது. எனக்கு முந்தின நாள் தூக்கமில்லை. ஸ்டெல்லா ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். “கிரேன் போனா ஸ்டோர்ஸுல போடுவாகளா? அங்க நாளெல்லாம் ஆளுக வருவாகளே, பேசணுமே நீங்க” என்று கேட்டாள். என் பயம் அவளுக்குத் தெரியும்.

டாக்டர் டியூபை விளக்கில் காட்டினார். நீலம் கொஞ்சம் கலங்கியது. பச்சையாகத் திரும்பியது. அங்கேயே நின்றது. நான் மஞ்சள் வருமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

“வெரி குட்!” என்றார் டாக்டர். “பாத்தியா, அன்னைக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னதோட பலன்? இப்பத்தான் உன் ஒய்ஃப் ஒழுங்காச் சமைக்கறாங்க. கிரேனுக்கு ஃபிட். நெக்ஸ்ட்!”

நான் எழுந்திருக்கவில்லை.

“சார்… அவ சமையல் மாறலை சார்.”

“என்ன?”

“அன்னைக்கும் ஒழுங்காத்தான் சமைச்சா. கேன்டீன் ஜூஸ்ல சர்க்கரை போட்டாங்க. இப்ப நிறுத்திட்டாங்க. அதான் மாறினது.”

“ஓஹோ. சரி, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நெக்ஸ்ட்.”

“அன்னைக்கு இந்த பெஞ்சுக்கு முன்னாடி வச்சு அவளைச் சொன்னீங்க சார். இன்னைக்கு இதே பெஞ்சுக்கு முன்னாடி சொல்லுங்க. அவ மேல தப்பில்லன்னு.”

காது இரண்டும் சுட்டது. ஆனால் சொல்லி முடித்தேன். பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தோளில் தட்டினார்.

“என்னப்பா நீ, சின்னக் குழந்தை மாதிரி… அவங்க நல்லதுக்குத்தானே சொன்னேன்? போ, போய் டூட்டியைப் பாரு.”

யார் நல்லதுக்கு? எந்த நல்லது? செய்யாத ஒன்றுக்கு ஒருத்தியை நாலு பேர் முன்னால் நிற்கவைத்துச் சிரிக்கவிட்டதில் அவளுக்கு என்ன நல்லது? கேட்க வேண்டும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வார்த்தை வார்த்தையாக வந்தது. அங்கே வரவில்லை. என் சுபாவம் அப்படி. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் எனக்கு வரும்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் ஸ்டெல்லா.

“கிரேனு?”

“இருக்கு. பச்சைதான் வந்துச்சு.”

சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள் –

“டாக்டரு என்ன சொன்னாரு?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய்யும் சரியாக வராது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அன்றைக்குத் திட்டியதால்தான் நீ இப்போது ஒழுங்காகச் சமைக்கிறாய் என்று அவர் சொன்னதையும், நான் கேட்டதையும், அவர் தோளில் தட்டியதையும்.

முழுவதும் கேட்டாள். புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் இரண்டு அடி போனவள் நின்று திரும்பினாள்.

“அப்போ செவப்பு வந்தா அது என் சமையலு… பச்சை வந்தா அது அவரு வைத்தியமா?”

கேட்டது என்னவோ என்னிடம்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லையே!